இல்லை எண்டு போடட்டே?

செவ்வாய்க்கிழமை காலை. தெல்லிப்பழையில் ஒரு கிராம அலுவலர் அலுவலகத்தின் விறாந்தை. இரண்டு வாங்கு, நாலைந்து பிளாஸ்டிக் கதிரை, சுவரில் தேர்தல் இடாப்புத் திருத்தம் பற்றிய பழைய அறிவித்தல். அரச வேலையிலிருந்து இளைப்பாறியவர்கள் ஆண்டுக்கொரு முறை கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்றிதழில் ஒப்பம் வாங்க நான் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஏழு பேர். அஸ்வெசும கொடுப்பனவு நின்றுபோன ஒரு தாய், அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்த ஒரு பள்ளிப் பையன், மின்சார இணைப்புக்குக் கடிதம் கேட்டு வந்த புதுமணத் தம்பதி. அன்று துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் சில பெண்களின் கையில் பூவும் எலுமிச்சங்காயும் வைத்த பை இருந்தது.

எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வயதானவர்கள் கிராம அலுவலரை விதானையார் என்றுதான் சொல்வார்கள். இளம் ஆட்களுக்கு அவர் ஜீ.எஸ். இங்கே இருப்பவர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். மேசையில் முத்திரை, மைப்பெட்டி, ஒரு தடித்த பதிவேடு, கடுதாசி பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடிக் குண்டு. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பேசுவது முழுக்க விறாந்தைக்குக் கேட்கும்.

நாலாவதாக உள்ளே போனவள் ஒரு இளம்பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது. பின்னால் தாய். பிள்ளையின் கையில் நீல நிறப் பிளாஸ்டிக் பைல். கதிரையில் இருக்கச் சொல்லும்வரை நின்றாள்.

"என்னத்துக்கு பிள்ளை?"

"வதிவிட, நற்சான்றிதழ் மிஸ். லோ கொலிஜ் சோதினை முடிஞ்சுது. அப்பிரன்ரிஸ் முடியிற நேரம். சத்தியப்பிரமாணத்துக்கு முதல் எல்லாக் கடிதமும் எடுத்து வைக்கச் சொல்லி சீனியர் சொன்னவர்."

விறாந்தையில் இருந்த எல்லோரும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். சட்டத்தரணி ஆகப்போகிற பிள்ளை என்றால் எங்கள் ஊரில் இன்னும் அப்படித்தான் பார்ப்பார்கள். அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. அந்தப் பார்வை ஒழியவில்லை.

அந்தப் படிவத்தை வாங்கியவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். பெயர், வயது, எவ்வளவு காலமாக இந்தப் பிரிவில் வசிக்கிறார், தேர்தல் இடாப்பு இலக்கம், தகப்பன் பெயர், என்ன தேவைக்காகக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் மனிதரை அளக்கிற கேள்விகள் வரும். நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரா? பொதுப் பணிகளில் ஈடுபாடு உண்டா? நடத்தை எப்படி? கிராம அலுவலர் எழுதி ஒப்பமிட்ட பிறகு பிரதேச செயலாளரும் மேலொப்பம் இட வேண்டும்.

மிஸ் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது, பிள்ளை மல்லாகத்தில் முகாமில் பிறந்தது, காணி விடுபட்ட பிறகு வந்து வீடு கட்டியது என்று தாய்தான் சொன்னார். மிஸ்ஸுக்கு அது புதுக்கதை இல்லை. அந்த விறாந்தையில் இருந்த பாதிப் பேரின் கதை அதுதான். பேனை அடுத்த கட்டத்துக்கு வந்தது. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"கோட்டிலை தண்டனை… இல்லை எண்டு போடட்டே?"

இப்படிக் கேட்டால் எல்லோரும் "ஓம் மிஸ்" என்பார்கள். பேனை ஏற்கெனவே கடுதாசியில் தொட்டுவிட்டது.

"ஒண்டு இருக்கு மிஸ்."

பேனை நின்றது.

"முந்தின வருசம் மல்லாகம் கோட்டிலை தண்டம் கட்டினனான். லைசன் இல்லாமல் மோட்டச்சைக்கிள் ஓடினது."

தாய் மகளின் முழங்கையைத் தொட்டதை நான் கண்டேன். "உதை ஏன் இப்ப இழுக்கிறாய்?" என்று மெல்லச் சொன்னார். மிஸ் சிரித்துவிட்டார்.

"இதிலை கேக்கிறது களவு, அடிபிடி மாதிரி விசயம் பிள்ளை. தண்டம் கட்டினதெல்லாம் ஆர் எழுதினம்?"

"கேள்வியிலை அப்பிடிப் பிரிச்சுப் போடேல்லை மிஸ். நீதிமன்றத்தாலை தண்டிக்கப்பட்டவரோ எண்டுதான் கிடக்கு. நான் குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டினனான்."

வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தார். "பிள்ளை, உது ஒரு குற்றமே? இந்தப் பக்கத்திலை தண்டம் கட்டாத ஆக்கள் ஆர் இருக்கினம்? பேசாமல் ஒப்பத்தை வாங்கிக்கொண்டு போ மோனை."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "ஓம் அப்பு" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி மிஸ்ஸின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னதை மாற்றவில்லை.

அப்போதுதான் தாய் முழுக்கதையையும் சொன்னார். இரவு பதினொரு மணிக்குத் தகப்பனுக்கு நெஞ்சுநோ. ஓட்டோ கிடைக்கவில்லை. தகப்பனின் மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் இருத்தித் தன் சால்வையால் இடுப்போடு கட்டிக்கொண்டு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைதான் ஓடினது. ஆளைச் சேர்த்துவிட்டு விடியற்காலை திரும்பி வருகையில் பொலிஸ் மறித்தது. "மனிசன் இண்டைக்கு இருக்கிறார் எண்டால் அது இவளாலைதான் மிஸ்."

இவ்வளவையும் தாய் சொன்னார். மகள் சொல்லவில்லை. தான் செய்த பிழையை ஒரே வசனத்தில் சொன்னாள். அதற்கு இருந்த நியாயத்தை அவள் வாயால் எடுக்கவே இல்லை. அந்த அலுவலகத்தில் நான் கண்டவற்றில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். சட்டத்தரணிகளைக் கறுப்புக் கோட்டோடும் பார்த்திருக்கிறேன், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பதிவாளர் அறை வாசலில் நிற்கும்போதும் பார்த்திருக்கிறேன். வாதத்திறமையைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை சொல்வார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பவை வேறு. விபத்தில் மகனை இழந்த ஒரு கிழவி, நட்டஈட்டுக் காசு தன் சட்டத்தரணியின் கைக்கு வந்து எட்டு மாதமாகியும் தனக்கு வரவில்லை என்று தெரியாமல், "வழக்கு எப்ப ஐயா முடியும்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பதிவேட்டில் காசு கொடுபட்ட திகதி என் கண்முன்னால் இருந்தது. அவருக்கு அதை வாசித்துக் காட்டிய அன்று அவர் நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். காசு பிறகு கிடைத்தது. ஆனால் அந்த எட்டு மாதத்தை யார் கொடுப்பது?

இன்னொன்று ஒரு பங்கீட்டு வழக்கு. நில அளவையாளரின் வரைபடத்தில் தன் கட்சிக்காரருக்கு இரண்டு குழி கூடுதலாக விழுந்திருப்பதை எதிர்த்தரப்பு கவனிக்கவில்லை. நீதிபதியும் கவனிக்கவில்லை. தீர்ப்பு எழுதப்போகிற நேரம் அந்தச் சட்டத்தரணி எழும்பி, கணக்கு தங்களுக்குச் சாதகமாகப் பிழைத்திருக்கிறது என்று சொன்னார். அவருடைய கட்சிக்காரர் வெளியே வந்து அவரோடு சண்டை பிடித்தார். அடுத்த மாதம் அதே ஆள் தன் தங்கச்சியின் காணி உறுதி எழுத அவரிடமே போனார்.

எங்கள் நாட்டில் சட்டத்தரணி ஆவதற்கான வாசல் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 40ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு ஓர் அதிகாரம் தருகிறது. நன்மதிப்பு உடையவர்களை, போதிய அறிவும் ஆற்றலும் உடையவர்களைச் சட்டத்தரணிகளாகச் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். நன்மதிப்பு முதலில் வருகிறது, அறிவும் ஆற்றலும் அதற்குப் பிறகு. இந்த வரிசையை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதினார்கள் என்று நம்புகிறேன். உள்ளே வந்த பிறகும் அதே சொல் விடாமல் தொடர்கிறது. 1988ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், நன்மதிப்புள்ள மற்றச் சட்டத்தரணிகள் இழிவென்று கருதக்கூடிய எதையும் ஒரு சட்டத்தரணி செய்யக்கூடாது என்கின்றன. வஞ்சகம், தொழில்முறைகேடு, குற்றம் என்று கண்டால் பெயரை இடாப்பிலிருந்து வெட்டவும் சட்டத்தில் இடம் உண்டு.

அறிவைச் சோதிக்கப் பரீட்சை உண்டு. 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி அதற்காகவே இருக்கிறது. மதிப்பை யார் சோதிப்பது? கடைசியில் அது மேசைகளுக்குத்தான் வருகிறது. ஒரு கிராம அலுவலரின் மேசை, ஒரு மூத்த சட்டத்தரணியின் மேசை, ஒரு பாடசாலை அதிபரின் மேசை. "இவரை எனக்குத் தெரியும், நல்லவர்" என்று எழுதிக் கீழே ஒப்பம். அந்த ஒப்பத்தைப் போடுகிறவர் உண்மையில் அந்தப் பிள்ளையைப் பார்த்தாரா, குடும்பத்தைப் பார்த்தாரா என்பதுதான் என்னை எப்போதும் உறுத்துகிற கேள்வி.

ஏனென்றால் எங்கள் ஊர்களில் மதிப்பு என்பது நெடுங்காலம் "ஆற்றை பிள்ளை?" என்ற கேள்விக்கான பதிலாகவே இருந்தது. சாதி பார்த்தார்கள், காணி பார்த்தார்கள், எந்தக் கோயிலுக்கு உபயகாரர் என்று பார்த்தார்கள். போருக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. 2009க்குப் பிறகு ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர், இயக்கத்தில் இருந்தவர்கள் என்று, புனர்வாழ்வு முகாம்களுக்குள்ளால் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதிக்கவில்லை. படிவத்தின்படி அவர்களுக்கு "இல்லை" என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவர்களின் தம்பி, தங்கச்சி, பிள்ளைகள் ஒரு நற்சான்றுக்குப் போய் நிற்கும்போது அந்தக் குடும்பக்கதை மேசைக்கு எதிரே தானும் வந்து குந்திக்கொள்கிறது. இது பெரிய அநியாயம். மதிப்பு என்பது ஊர்வாயில் இருக்கிற பேர். நடத்தை என்பது அந்த மனிதரின் கையில் இருப்பது. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எழுதும்போது ஊர்வாய்தான் வெல்லும்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1894இல் நேட்டாலில் வழக்கறிஞராகச் சேர விண்ணப்பித்த காந்தி நன்னடத்தைச் சான்றிதழ்கள் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர் கொடுத்தால்தான் எடுபடும் என்று எண்ணி இரண்டு ஐரோப்பிய வியாபாரிகளிடம் வாங்கிக் கொடுத்தார். அப்படியிருந்தும் அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. அவர்களுக்கு உறுத்தியது அவருடைய நிறம். நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டது.

வ.உ.சிதம்பரம்பிள்ளையின் கதை இன்னும் நெஞ்சைப் பிடிப்பது. கப்பல் ஓட்டியவர், 1908இல் இராசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், செக்கிழுத்தார், 1912 கடைசியில் வெளியே வந்தார். தண்டனையோடு வக்கீல் சன்னதும் போயிற்று. சட்டத்தின் ஏட்டில் அவர் குற்றவாளி, சனத்தின் கண்ணில் அவரைவிட நேர்மையானவர் இல்லை. பிழைக்க வழியில்லாமல் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அந்தச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். நன்றி மறவாத மனிதர், தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஒரு தண்டனையை வைத்துக்கொண்டு மனிதரை முடிவு கட்ட முடியாது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

மற்றப் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஸ்டீபன் கிளாஸ் என்ற பத்திரிகையாளர் நடக்காதவற்றை நடந்ததாக எழுதி 1998இல் பிடிபட்டார். பிறகு சட்டம் படித்தார், பரீட்சையும் தேறினார். கலிபோர்னியா உயர் நீதிமன்றம் 2014இல் அவரைச் சேர்க்க மறுத்தது. பழைய பொய்கள் மட்டும் அதற்குக் காரணமில்லை. முன்பு நியூயோர்க்கில் விண்ணப்பித்தபோது அந்தப் பொய்களின் கணக்கை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் நீதிபதிகளுக்கு உறுத்தியது. செய்த பிழையைவிட அதை மறைத்த பிழை அவருக்குப் பெரிய தடையாகிவிட்டது.

தெல்லிப்பழை மண்ணுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. 1898இல் ஈப்போவில் பிறந்து சிறு பிள்ளையாக இங்கே கொண்டுவரப்பட்டு, 1816இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய பள்ளியின் வழிவந்த யூனியன் கல்லூரியில் படித்தவர் எஸ்.ஜே.வி.செல்வநாயகம். விஞ்ஞானப் பட்டதாரியாகி ஆசிரியராக இருந்தார். சுகவீனமாகக் கிடந்த சகோதரனோடு இருக்க லீவு கேட்டபோது கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போனார். பிறகு இன்னொரு கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே சட்டம் படித்து அப்புக்காத்தானார். குடியியல் வழக்குகளில் பேர் எடுத்து, 1947இல் இராசசட்டத்தரணி என்ற பட்டமும் பெற்றார். அரசியலில் அவரோடு உடன்படாதவர்கள்கூட அவருடைய நேர்மையைச் சந்தேகித்ததில்லை. ஒரு நற்சான்று படிவத்தில் "லீவு தராததால் வேலையை விட்டவர்" என்று எழுதினால் அது குறையாகத் தெரியும். தம்பி தமையனோடு பிறந்த எவருக்கும் அது என்ன குணம் என்று விளங்கும்.

இதெல்லாம் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே மிஸ் பிரதேச செயலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம் சேர்… வாகன வழக்குத்தான்… இல்லை, பிள்ளை தானாத்தான் சொல்லுது." அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"எழுதலாமாம். ஆனால் தண்டம் கட்டின துண்டோ, வழக்கின்ரை பிரதியோ வைச்சால் நல்லதாம். துண்டு கிடக்கே?"

"வீட்டிலை தேடினனான் மிஸ், காணேல்லை. மல்லாகத்திலை பிரதிக்கு விண்ணப்பிச்சு எடுத்துக்கொண்டு வாறன்."

"ஒரு நாளிலை தராயினம்."

"தெரியும் மிஸ்."

"இப்ப உதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இண்டைக்கே ஒப்பம் வைச்சுத் தந்திருப்பன்."

மிஸ் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்க விரும்பியவர் மாதிரிச் சொன்னார். அவளுக்குத் தெரிந்திருந்தது. "பரவாயில்லை மிஸ்" என்றாள். தாயின் முகத்தில் கவலை. கொழும்புக்கு அனுப்பவேண்டிய திகதிகள் அந்தத் தாயின் தலைக்குள் ஓடியிருக்கும்.

இருவரும் வெளியே வந்தார்கள். பெரியவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார். அவள் செருப்பைப் போட்டாள், பைலைச் சைக்கிள் கூடைக்குள் வைத்தாள். அந்த நேரம் காங்கேசன்துறைப் பக்கம் போகிற ரயில் கூவிக்கொண்டு போனது. தாயைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் நேரே மல்லாகம் போவதாகச் சொல்லிக்கொண்டு வீதியில் இறங்கினாள்.

அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீதிமன்றத்தில் பிரதி எடுப்பது எப்படி, எந்தப் படிவம், எந்த மேசை என்று என்னைவிடத் தெரிந்தவர் அந்த விறாந்தையில் இல்லை. ஆனால் அவளுக்கு வழி தெரிந்திருந்தது. இடையில் புகுந்து புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பகுதியில் இன்றைக்குச் சட்டத்தரணியை நம்பவேண்டிய தேவை முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு இருக்கிறது. காணிக்காரர் கனடாவில், லண்டனில். காணி வலிகாமத்தில். உறுதி ஒரு பெட்டிக்குள்ளே, அற்றோணித் தத்துவம் யாரோ ஒருவரின் கையில். இருபது வருடம் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து எல்லைக்கல்லே காணாமல்போன காணிகள் உண்டு. கள்ள உறுதி என்ற சொல் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. வெள்ளைக் கடுதாசியில் ஒப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிற ஒரு மனிதர், அந்தச் சட்டத்தரணி பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தார் என்று பார்ப்பதில்லை. ஒருவரும் பார்க்காத இடத்தில் அவர் என்ன செய்வார் என்பதை நம்பித்தான் போகிறார்.

என் முறை வந்தது. மிஸ் என் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உயிர்வாழ் சான்றிதழில் திகதி போட்டு ஒப்பம் வைத்தார். முத்திரையை மையில் தொட எடுத்தபோது கண்ணாடிக் குண்டின் கீழே அந்தப் பிள்ளையின் படிவம் கிடப்பதைக் கண்டேன். ஒப்பமும் முத்திரையும் இல்லை. பிரதி வரும்வரைக்கும் அதைத் தனியே எடுத்து வைத்திருந்தார். தண்டனை பற்றிய கட்டத்தில் "ஆம், வாகன வழக்கு, விண்ணப்பதாரி தாமாகவே தெரிவித்தார்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, நடத்தை என்ற கட்டத்தில், மை இன்னும் காயாமல் இரண்டு சொல்: "மிகவும் நன்று."